கிளட்சைத் தேய்த்தது யார்?

1974 ஏப்ரல் 21

புளி மண்டியை மத்தியானமே சாத்திவிட்டு இவர் சேலம் ரோட்டில் காளியப்பன் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டார். எங்கள் பியட் காருக்கு இன்று புது கிளட்ச். இவருடைய சின்னம்மா மகன் முனாப் பெங்களூரில் ரேஸ் கார்களுக்கு வேலை பார்க்கிறவர். அவர் கொண்டுவந்த சாமான். ஊரில் ஓடுகிற கார்களுக்குப் போடுவதில்லையாம், ரேஸ் வண்டிக்குத்தான் போடுவார்களாம். ஒகேனக்கல் மேட்டில் ஏறும்போது வண்டி சும்மா பிய்த்துக்கொண்டு போகும் என்று சொல்லிச் சொல்லியே முனாப் இவர் மனசைக் கலைத்துவிட்டார். பழைய கிளட்ச் பிளேட் நாலு வருஷம் உழைத்தது. பாவம், அது என்ன குற்றம் செய்தது?

கிளம்பும்போது முனாப் சொன்னது: "பாஷா, இத பாதிக் கால்ல புடிக்காத. மிதிச்சா முழுசா மிதி, விட்டா முழுசா விட்டுடு. நடுவுல வெச்சு உரசினா தேஞ்சு போயிடும்." இவர் எல்லாம் தெரிந்த மாதிரித் தலையை ஆட்டினார்.

வண்டிச் சமாசாரம் எனக்கெதற்கு என்றால், காரணம் இருக்கிறது. நாளையிலிருந்து எனக்குக் கார் ஓட்டச் சொல்லித் தருகிறார்! கல்யாணமான இரண்டு வருஷமாக நச்சரித்ததன் பலன். பென்னாகரத்தில் அம்மா தனியாக இருக்கிறாள், கண்ணில் புரை விழுந்துவிட்டது. இவர் புளி வாங்க லாரியில் போனால் திரும்ப நாலைந்து நாள் ஆகும். கார் வாசலில் சும்மா நிற்கும், நான் பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போவேன். நானே ஓட்டிப் போய் நானே அவளைக் கூட்டிவர வேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 22

சந்தை மைதானத்தில் பாடம். காரின் முன்னாலும் பின்னாலும் எல் போர்டு. கிளட்ச் பெடல் என்ன கனம்! உரலில் உலக்கை போடுகிறவளுக்கே தொடை வலிக்கும். முனாப் சொன்னதை இவர் எனக்கு மந்திரம் மாதிரி ஓதினார். மிதித்தால் முழுசு, விட்டால் முழுசு. நானும் அப்படியே விட்டேன். கார் தவளை மாதிரி ஒரு குதி குதித்து நின்றது. பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மாமியார் ஜான் பீயின் வெற்றிலைப் பெட்டி கவிழ்ந்துவிட்டது. மாமிக்குச் சந்தோஷம் வந்தால் தமிழ், கோபம் வந்தால் உர்து. வீடு வரும்வரை உர்துதான்.

ஏப்ரல் 30

இன்று இரண்டே குதிதான்.

மே 12

கல்யாணக் காலம். இவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் எங்கள் கார்தான், ஓட்டுவதும் இவர்தான். இந்து வீடு, முஸ்லிம் வீடு என்று பார்ப்பதில்லை, கூலியும் வாங்குவதில்லை. எல்லாம் பெருமைக்கு. ஜோடித்த காரில் மாப்பிள்ளை உட்கார்ந்திருப்பார், முன்னால் மேளக்காரர்கள் நின்று நின்று வாசித்துக்கொண்டு நடப்பார்கள், கார் அவர்கள் பின்னால் நகர வேண்டும். நூர் பாஷா ஓட்டினால் மாப்பிள்ளை கையில் இருக்கிற சோடா தளும்பாது என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டுவிட்டு வந்தால் இவர் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு பிடி கூடச் சாப்பிடுவார். எனக்கும் பெருமைதான், ஏன் பொய் சொல்ல வேண்டும்.

மே 26

இண்டூர் வரை நானே ஓட்டினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கதவுக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். இன்னும் அத்தனை தூரம் போனால் பென்னாகரம். கிளம்பும்போது கார் குதிக்கத்தான் செய்கிறது. சாலையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே.

ஜூன் 9

அநியாயம்.

காலையில் இவர் ஒரு வியாபாரியைக் கூட்டிவர மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போனார். பாதி வழியில் இன்ஜின் கத்துகிறதாம், கார் நகரவில்லையாம். மாடு பூட்டி இழுத்து வந்தார்கள். நானும் பட்டறைக்குப் போய், காளியப்பன் கழற்றி எடுத்த பிளேட்டைப் பார்த்தேன். தேய்ந்து, கருகி, அப்பளம் மாதிரி இருந்தது. இரண்டு மாதம்கூட முழுசாக ஆகவில்லை. அந்தக் கருகல் வாடை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

காளியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "வூட்டுல யாராச்சும் வண்டி கத்துக்கறாங்களா பாய்?"

அவ்வளவுதான். இரண்டு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நான் என்ன பண்ணேன்? முழுசா மிதின்னீங்க, மிதிச்சேன். முழுசா விடுன்னீங்க, விட்டேன். ஊரே சிரிக்கக் குதிச்சுக் குதிச்சு ஓட்டினேனே, அது யார் சொல்லி? பாதிக் கால் வெச்சிருந்தா நானும் அழகா நகர்த்தியிருக்க மாட்டேனா?

முனாப் பெங்களூரிலிருந்து அதே மாதிரி இன்னொன்று அனுப்புகிறாராம். இனிமேல் நான் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதாம். "போதும் வஹிதா, உனக்கு இது வராது" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அன்பாகச் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 10

குழம்பில் உப்பு கூடுதல். வேண்டுமென்றேதான் போட்டேன்.

ஜூலை 4

அம்மாவுக்குத் தர்மபுரி ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இன்று வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இவர் கிருஷ்ணகிரிப் பக்கம் புளி வாங்கப் போயிருக்கிறார். கார் வாசலில் நிற்கிறது, புது கிளட்ச், பெட்ரோல் எல்லாம் இருக்கிறது. சாவி மாமியின் இடுப்பில். கேட்டுப் பார்த்தேன். உர்துவில் பதில் வந்தது.

பஸ்ஸில்தான் போனோம். கட்டுப் போட்ட கண்ணோடு அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, குலுங்கும்போதெல்லாம் தலையை என் கையால் தாங்கிக்கொண்டே போனேன். "ஏம்மா, கார் ஓட்டக் கத்துக்கறேன்னியே, என்னாச்சு?" என்றாள். விட்டுட்டேன்மா என்றேன். நல்லவேளை, அவளுக்கு என் முகம் தெரியவில்லை.

ஜூலை 30

ஆடி மாதம். வண்டி தினமும் ஓடுகிறது. மண்டிக்கு, மொரப்பூருக்கு, விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு ஒகேனக்கலுக்கு. போன வாரம் ஆறு பேரை வைத்து மேட்டில் ஏற்றினாராம், கிளட்ச் கல் மாதிரி இருக்கிறதாம். "பாத்தியா, நீ தொடல, வண்டி எப்படி இருக்குது" என்று மீன் வறுவலைத் தின்றுகொண்டே சொன்னார். ஒகேனக்கலிலிருந்து எனக்காக வாங்கிவந்த வறுவல் அது. தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22

ஆவணி பிறந்ததும் பிறக்காததுமாக ஊர்வலம் தொடங்கிவிட்டது. இந்த வாரமே மூன்று வீட்டுக்காரர்கள் வந்து இவரிடம் நாள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆகஸ்ட் 29

கண்டுபிடித்துவிட்டேன்!

சாயங்காலம் ஜவுளிக்கடை ராஜப்பன் வீட்டு மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் தெரு வழியாக வந்தது. ராஜப்பன் எங்கள் மண்டிக்கு நாலு கடை தள்ளி இருக்கிறவர், மூத்த மகனுக்குக் கல்யாணம். நானும் மாமியும் கதவோரம் நின்று பார்த்தோம். மேளக்காரர்கள் எங்கள் வாசலுக்கு நேராக நின்றுவிட்டார்கள். பாய் வீட்டு முன்னால் ஒரு பாட்டு அதிகமாக வாசிக்க வேண்டாமா? அவர்கள் ஒரு அடி வைத்தால் கார் ஒரு அடி நகரும். நின்றால் நிற்கும். மாப்பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

மல்லிகைப்பூ வாசனையோடு இன்னொரு வாடையும் வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. காளியப்பன் பட்டறையில் அந்தப் பிளேட்டை எடுத்தபோது அடித்த அதே கருகல். யார் வீட்டிலோ பால் பொங்கிவிட்டது என்றார் மாமி.

நான் குனிந்து கார் ஜன்னல் வழியாக இவர் முழங்காலைப் பார்த்தேன். இடது கால். மிதிக்கவும் இல்லை, விடவும் இல்லை. நடுவில் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது! மேலே பார்த்தால் முகத்தில் புது மாப்பிள்ளைச் சிரிப்பு.

ஆடியில் கல்யாணம் கிடையாது, கிளட்ச் கல் மாதிரி இருந்தது. வைகாசி முழுக்க ஊர்வலம், அது முடியும் முன்னால் கிளட்ச் கருகிவிட்டது. இதற்கு மெக்கானிக் எதற்கு?

ஆகஸ்ட் 30

சொன்னேன். நான் கத்தவில்லை, பொறுமையாகத்தான் சொன்னேன். பழைய பிளேட் நீங்கள் பாதிக் காலில் வைத்தாலும் பொறுத்துக்கொண்டது, இந்த ரேஸ் சாமான் பொறுக்காது, முனாப் முதல் நாளே சொன்னாரே என்று.

"நான் இருவது வருசமா ஓட்டறேன்" என்றார்.

இருபது வருஷமாக நீங்கள் ஓட்டுவது ஊர்வலத்தை என்றேன். எழுந்து போய்விட்டார். மாமி தமிழில் சிரித்தார்.

செப்டம்பர் 8

ஆவணியின் கடைசி ஊர்வலம் இன்று. போகாதீர்கள் என்றேன். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று போனார்.

கடைத்தெரு நடுவில், நாலு பக்கமும் ஜனம் நிற்கும்போது, கார் செத்துவிட்டது. இன்ஜின் மட்டும் அலறுகிறது. புகை வேறு. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாராம். அவருடைய தோழர்கள் காரைத் தள்ளினார்களாம். மேளக்காரர்கள் மட்டும் நிறுத்தவே இல்லையாம், காருக்கும் சேர்த்து வாசித்தார்களாம். இதையெல்லாம் எனக்குச் சொன்னது பக்கத்து வீட்டு ராமக்காள். அவள் சிரித்த சிரிப்பில் அவளுக்கே விக்கல் வந்துவிட்டது.

எனக்கும் சிரிப்பு வந்தது. இவர் வீட்டுக்குள் வந்த முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். டீ கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

"சொல்லிடு" என்றார்.

ஆறிய டம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன்.

"நீ வண்டிய தொட்டு மூணு மாசமாச்சு" என்று அவரே சொன்னார்.

எத்தனை நாளாக இந்தப் பேச்சுக்குக் காத்திருந்தேன்! வந்தபோது ஏன் அழுகை வந்தது?

செப்டம்பர் 11

என்னையும் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை. காளியப்பன் பிளேட்டை வெளியே எடுத்தார். அதே அப்பளம். அதே மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் பார்த்து, அதே கேள்வியைக் கேட்டார்: "மறுபடியும் யாரு பாய் வண்டி கத்துக்கறது?"

"நாந்தான்" என்றார் இவர்.

காளியப்பன் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. "நெசமாத்தான். என் சம்சாரம் சரியாத்தான் ஓட்டுச்சு. நாந்தான் தேச்சேன். போன தடவையும் நாந்தான்." பட்டறையில் வேறு இரண்டு லாரிக்காரர்களும் நின்றிருந்தார்கள். அவர்கள் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னார்.

சாதாரண கிளட்ச் போடச் சொல்லியாகிவிட்டது. வரும் வழியில் இவர் கொஞ்சம் முன்னால் நடந்தார், நான் பின்னால். கூப்பிட்டு நிறுத்தி ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது? பட்டாணி வாங்கிக் கொடுங்கள் என்றேன். வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 15

மறுபடி நான் ஓட்டினேன், புது கிளட்சில் கார் குதிக்கவில்லை! பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது. இத்தனை நாளும் என் கால்தான் சரியில்லை என்று நானே கொஞ்சம் நம்பிவிட்டிருந்தேன்.

அக்டோபர் 28

நோன்பு, பெருநாள் எல்லாம் கழிந்து லைசென்ஸ் பரீட்சை. மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். எடுத்தேன். மறுபடி எடுக்கச் சொன்னார். மறுபடி எடுத்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். அவர் என்று கையைக் காட்டினேன். தூரத்தில் வேப்பமரத்தடியில் இவர் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நவம்பர் 3

அம்மாவை நானே கூட்டி வந்தேன். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. வழியெல்லாம் மைல் கல்லைப் படித்துக்கொண்டே வந்தாள், என் முகத்தையும்.

1975 பிப்ரவரி 2

தை மாதக் கூட்டம். போன வாரம் ராஜப்பன் மறுபடி வந்தார், இந்த முறை மகள் தங்கம்மாள் கல்யாணம். ஊர்வலத்துக்குக் கார் வேண்டும் பாய் என்றார். இவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி அவங்க கைல இருக்குது, அவங்களையே கேளுங்க" என்றார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வண்டி வையுங்கள் அண்ணா, கல்யாணம் முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அவர்கள் ஊரில் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ராஜப்பன் தலையைச் சொறிந்தார். பிறகு சரி என்றார்.

இன்று அவர்களைக் கொண்டுபோய் விட்டு வந்தேன். மாலையும் கழுத்துமாகத் தங்கம்மாள் முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் ஆத்தா என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள், நடக்கவில்லை. மாப்பிள்ளை பின்னால், அவர் பக்கத்தில் இவர், இரண்டு பேர் மடியிலும் பலகாரக் கூடை. அழுது சிவந்த கண்ணோடு அந்தப் பெண் ஊர் எல்லை வரை மாலையிலிருந்து பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மொரப்பூர் ரோட்டில் திரும்பும்போது, பின்னால் கேட்காதபடி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இதுல கிளட்ச்சு எது?"

காட்டினேன்.