வெயில் காணாத பார்சல்

நவம்பர் 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். யூனிஃபார்ம் இரண்டாம் நாளாகக் கொடியில் ஈரம். இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தியே காயவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். நாள் முழுக்க என்மேல் வேகவைத்த துணி வாடை.

கிரேஸ் டீச்சர் நாசரேத்திலிருந்து வரும் ரயில் தாமதம். முதல் பீரியட் முடியும்போதுதான் வந்தார். ஆனால் வாய் நிறையச் செய்தி. சென்னையில் ஒரு கல்லூரியில் இருக்கும் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பை நாங்கள் காயல்பட்டினத்தில் உட்கார்ந்தே இயக்கலாமாம். பூச்சியைக் கூரியரில் அனுப்ப வேண்டியது. அவர்கள் அதை மெஷினுக்குள் வைப்பார்கள். இங்கே கம்ப்யூட்டர் அறையில் நாங்கள் விசையைத் தட்டினால் அங்கே பூச்சி நகரும். அடுத்த புதன். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியல் பிரிவுக்கு மட்டும். காமர்ஸ்காரிகளுக்கு வயிற்றெரிச்சல். நல்லா எரியட்டும்.

டீச்சர் சொன்ன நிபந்தனைகள், மறக்காமல் இருக்க:
செத்த பூச்சி மட்டும்.
சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது.
சுக்காகக் காய்ந்தது. மெஷினுக்குள் காற்றே கிடையாது, ஈரம் ஆகாது.
சுத்தமானது.

அனுப்பும் பூச்சிக்கு மெல்லிசாகத் தங்கம் பூசுவார்களாம், அப்போதுதான் படம் விழுமாம். உம்மாவிடம் சொன்னேன்.

"பூச்சிக்காளா தங்கம்? எங்கிட்ட கருத்துப்போன வளையல் ஒண்ணு கெடக்கு. அதையும் சேத்துப் பூசித் தருவாவளான்னு கேளு."

எல்லாரும் எறும்பு, ஈ என்று பேர் கொடுத்தார்கள். எனக்கு யாரும் கொண்டு வராத பூச்சி வேண்டும். வாப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: அங்கன பாலைவனத்துல ஏதாவது பூச்சி கெடந்தா அனுப்புங்க. உடனே பதில். எதிர்வீட்டு மீராசா மாமா சனிக்கிழமை சவூதி தம்மாமிலிருந்து வருகிறாராம், அவரிடம் கொடுத்து விடுகிறாராம். என் வாப்பாவா கொக்கா.

போன வெள்ளிக்கிழமைப் பேச்சையும் எழுதி வைக்கிறேன். வாப்பாவுக்குத் தம்மாமில் ஒரு குடோனில் ஸ்டோர்கீப்பர் வேலை. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடவா, இல்லை ஊரோடு வந்துவிடவா என்று எங்களைக் கேட்டார். நான்தான் சொன்னேன்: "ரெண்டு வருசந்தானே வாப்பா, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள ஓடிரும்." எனக்குச் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி விலங்கியல் படிக்க வேண்டும். வாப்பா ஊரோடு வந்துவிட்டால் சம்பளம் நின்றுவிடும், அப்புறம் சென்னையாவது ஹாஸ்டலாவது. வாப்பா சிரித்துக்கொண்டே "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார். அதிலிருந்து உம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று தெரியவில்லை. இன்றைக்கு வளையல் பேச்சில்தான் கொஞ்சம் சிரித்தாள்.

நவம்பர் 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. முடுக்குச் சந்தில் கணுக்கால் தண்ணீர்.

ரோஸ்லின் புன்னைக்காயலிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் அப்பாவுக்குச் சொந்தமாக வள்ளம் உண்டு. ஒரு பெரிய பச்சை ஈயைத் தீப்பெட்டியில் கொண்டு வந்திருந்தாள். அழகான ஈ, ஆனால் மீன்கூடையில் பிடித்தது. ஒரே நாற்றம். 'சுத்தமானது' என்ற நிபந்தனை நினைவுக்கு வந்து, ஆய்வகக் குழாயைத் திறந்து அதைக் குளிப்பாட்டினோம். மற்றவர்களும் ஆளுக்கொரு பூச்சியோடு வரிசையில் நின்றார்கள். அப்புறம் ஃபேனுக்கு அடியில் காயவைத்தோம். ரோஸ்லின் அதற்குப் பவுடர் போடப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டேன்.

கணக்கு டெஸ்ட் சொதப்பல். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

நவம்பர் 8, சனி

மழை. மீராசா மாமா வந்துவிட்டார். ஒரு பை நிறையப் பேரீச்சம்பழம், தைலம், பால்பவுடர். எனக்கென்று என் பேர் எழுதிய மாத்திரை டப்பா.

உம்மா உடனே சட்டத்தை எடுத்தாள். அரபு நாட்டிலிருந்து எது வந்தாலும் மொட்டைமாடியில் ஒரு பகல் வெயில் காயாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. வாப்பா லீவில் வந்தால் அவர் பெட்டிக்கும் இதே கதிதான். சின்னப் பிள்ளையில் சாக்லேட் உருகிப் போகுமே என்று அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஏன் என்று கேட்டால் "குடோன் வாட போவட்டும்" என்பாள். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கூத்து நான் பார்த்ததில்லை. இன்றைக்கோ வெயிலே இல்லை. பையை மாடிப்படிக்குக் கீழே கட்டி வைத்தாள். உம்மா அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து டப்பாவை மட்டும் உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் ஒரு கருவண்டு. கால் நீளம், முதுகு மினுமினுப்பு, ராஜா மாதிரி. ஆனால் என் கட்டைவிரல் அகலம்! மெஷினுக்குள் போகவே போகாது. அழுகையே வந்துவிட்டது. சைஸைச் சொல்லாதது என் தப்புதான், இருந்தாலும் வாப்பாமேல்தான் கோபம் வந்தது.

பஞ்சை உதறினேன். எள்ளுத் தோல் மாதிரி வெளிறலாக ஒன்று நோட்டில் விழுந்தது. கிட்ட வைத்துப் பார்த்தால் கால் இருக்கிறது. செத்த பூச்சிதான், நன்றாகக் காய்ந்திருக்கிறது. அளவும் சரி. பாலைவனப் பூச்சிக்குட்டி! வண்டு போனால் போகட்டும்.

உம்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் டப்பாவை எப்போது எடுத்தாய் என்று ஆரம்பிப்பாள்.

நவம்பர் 10, திங்கள்

பூச்சிகள் எல்லாம் கூரியரில் போயாச்சு. என்னுடையதைக் கழுவவில்லை. கழுவினால் குழாய்த் தண்ணீரோடு ஓடிவிடும், அவ்வளவு சின்னது. டீச்சர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஏதோ குஞ்சு மாதிரி இருக்கு. எதுன்னு அங்கன பெருசாக்கிப் பாத்துக்கிடலாம்."

ரோஸ்லின் ஒரு சீட்டில் என் பேரைப் போட்டு 'ஸஃபியா, தம்மாம்' என்று எழுதி ஒட்டினாள். வெளிநாட்டுப் பூச்சி என்று வகுப்பு முழுக்க எனக்கு மவுசு. சாயங்காலம் வரை கொஞ்சம் அலட்டிக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

மழை இல்லை. கரண்டும் போகவில்லை. எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

திரையில் சென்னை அக்கா. மெஷினை அவர்தான் கவனிக்கிறார். நல்ல பொறுமை. முதலில் ரோஸ்லினுடைய ஈ. படம் வந்ததும் அக்காவே குழம்பிப் போனார். ஈயின் கண், இறகு, முதுகு எல்லா இடத்திலும் சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள், செங்கல் அடுக்கியது போல. அடுத்த எறும்பிலும் அதே. அதற்கடுத்த கொசுவிலும் அதே.

"என்னம்மா இது, எல்லாத்துலயும் ஒரே மாதிரி கிரிஸ்டல்? எதுல கழுவுனீங்க?"

"குழாய்த் தண்ணில, மேடம்."

"எந்த ஊர் நீங்க?"

"தூத்துக்குடிப் பக்கம்."

ரோஸ்லின் எழுந்தே நின்றுவிட்டாள். "ஏளா, உப்பு! நம்ம போர் தண்ணி உப்புளா அது!"

அந்தத் தண்ணீரில் டீ போட்டால் திரியும், தலைக்கு ஊற்றினால் முடி கயிறாகும். அதிலேயே வளர்ந்தும் ஒருத்திக்கும் தோன்றவில்லை. டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

கடைசியில் என் பூச்சி. கழுவாததால் அது ஒன்றுதான் சுத்தம். அக்கா விசையை என்னிடம் விட்டார். அம்புக்குறியைத் தட்டினால் இரண்டு நொடி ஒன்றும் நடக்காது. பிறகு படம் நகரும். அந்த இரண்டு நொடி எனக்குப் பழக்கம்தான். வாப்பாவோடு பேசும்போதும் அப்படித்தான், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படம். கண் சீத்தாப்பழத் தோல் மாதிரி இருந்தது. கால் நுனியில் இரண்டு கொக்கி. உடம்பெல்லாம் முடி. இடது, கீழே, இன்னும் கிட்ட. தலைக்கு அடியில் ஏதோ மடங்கிக் கிடந்தது. கிட்டப் போனேன். நீளமான குழல், நுனி கூர். இவ்வளவு அழகாக ஒன்றை நான் பார்த்ததில்லை என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"ஓ, மூட்டைப்பூச்சி! குஞ்சு" என்றார் அக்கா.

வகுப்பே வெடித்துச் சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தி, "ஏளா ஸஃபியா, ஒங்க வாப்பா தங்கம் அனுப்புவாவன்னு பாத்தா மூட்டப்பூச்சியல்லா அனுப்பிருக்காவ!" என்றாள். நானும் சிரித்தேன். தங்கம் பூசிய மூட்டைப்பூச்சி என்று நானே பதிலும் சொன்னேன்.

அக்கா பாடம் எடுக்க ஆரம்பித்தார். அந்தக் குழலால்தான் ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறை தோல் உரிக்கவும் அதற்கு ரத்தம் வேண்டும், இல்லாவிட்டால் வளராது. இது வளர்ந்திருக்கிறது, அப்படியென்றால் குடித்திருக்கிறது. மனுஷர் தூங்குகிற இடத்தில்தான் இருக்கும். மெத்தைத் தையல், தலையணை, கட்டில் இடுக்கு. "குஞ்சு இருக்குன்னா குடும்பமே அங்க இருக்கும். எங்க பிடிச்சீங்க?"

பஞ்சு. அந்தப் பஞ்சு எதிலிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

விரல் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. இரண்டு நொடி கழித்துப் பூச்சி திரையை விட்டுப் போய்விட்டது. வெறும் சாம்பல் நிறம்.

பாத்ரூமுக்குப் போய் அழுதேன். ரோஸ்லின் கதவுக்கு வெளியே நின்றாள்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் வாப்பாவின் அறையில் நான் பார்த்திருப்பது ஒரே ஒரு சுவர். நீலத் திரைச்சீலை, பக்கத்தில் காலண்டர். "ஏசி ரூம், ராஜா மாதிரி தூங்குதேன்" என்பார். நானும் அதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். ஒரு மூட்டைப்பூச்சியைச் சுற்றிச் சுற்றி, தலைக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டேன். வாப்பாவின் கட்டிலைப் பார்த்ததில்லை.

நவம்பர் 13, வியாழன்

நல்ல வெயில். உம்மா அந்தப் பையை மாடிக்குக் கொண்டுபோய் விரித்தாள். பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னேன், டப்பாவை உருவியது உள்பட. திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. பேரீச்சம்பழப் பொட்டலத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா உம்மா?"

"மொத லீவுல வந்தப்ப பெட்டிய நடுவீட்டுல வச்சுத் தொறந்தோம். ஒனக்கு அப்ப ரெண்டு வயசு. கொஞ்ச நாள்ல கட்டில் பூரா பூச்சி ஏறிட்டு. ஒன் முதுகெல்லாம் தடிச்சுப் போச்சு. கட்டில வெளி முத்தத்துல போட்டு எரிச்சோம். ஒன் முதுகப் பாத்துட்டு ஒங்க வாப்பா அழுதாவ. யாருட்டயும் சொல்லாத, புள்ளைக்குத் தெரியவே கூடாதுன்னாவ."

குடோன் வாடையும் இல்லை ஒன்றும் இல்லை. இத்தனை வருடமாக உம்மா எல்லாவற்றையும் வெயிலில் போட்டது இதற்காகத்தான்.

கோபம் வந்தது. "தெரிஞ்சுமா இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லுதிய?"

"நான் எங்களா சொன்னேன்? வந்துருங்கன்னு சொல்ல வாயத் தொறந்தேன். நீ முந்திட்டே."

இருவரும் மாடியிலேயே நின்றோம். காக்கா ஒன்று பழத்துக்குக் குறி வைத்தது, விரட்டினேன்.

முடிவு: சென்னை வேண்டாம். தூத்துக்குடியில் விலங்கியல் இருக்கிறது, பஸ்ஸில் போய் வரலாம். நாளைக்கு வாப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். மாதம் முடிய இன்னும் நாள் இருக்கிறது. சென்னையை நினைத்தால் வலிக்கிறது, இல்லை என்று பொய் எழுத மாட்டேன்.

நவம்பர் 14, வெள்ளி

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வீடியோ கால் வந்தது. வாப்பாவுக்கு இன்றைக்கு லீவு நாள். நீலத் திரை, காலண்டர், சிரிப்பு.

"என்னம்மா, ஒன் வண்டு என்ன சொல்லுது?"

வண்டைப் பற்றிப் பேசவில்லை. நேற்றிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். "கையெழுத்துப் போடாதீங்க வாப்பா. வந்துருங்க. நான் தூத்துக்குடியிலேயே படிக்கேன்."

இரண்டு நொடி. முகம் அப்படியே நின்றது. நெட் நின்றுவிட்டது என்று நினைத்தேன். நெட் நிற்கவில்லை.

"போட்டுட்டனேம்மா. நீ சொன்ன மறுநாளே போட்டுட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுதேன்னியளே."

"ஒன் ஆசைக்கு மேல யோசிக்க என்ன இருக்கு?"

உம்மா என் தோளைப் பிடித்தாள். நான் சொன்ன ஒரு வரிக்கு இரண்டு வருடம். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடுமாம்.

மைக்ராஸ்கோப்பில் பார்த்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "அது குடோன்ல கெடந்துருக்கும்மா."

"குடோன்ல மனுசர் தூங்குவாவளா வாப்பா?"

வாப்பா காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போனத் திருப்பிக் காட்டுங்க."

"இங்கன நெட்டு சரியில்ல…"

"திருப்புங்க வாப்பா. ரெண்டு வருசம் இருக்கப் போற எடம். நான் பாக்கணும்."

உம்மாவைப் பார்த்தார். உம்மா தலையை ஆட்டினாள். படம் ஒருமுறை ஆடி, நீலம் போனது.

இடது பக்கம் என்றேன். இரண்டு நொடி. இரும்புக் கட்டில், அதன்மேல் இன்னொரு கட்டில். மேலே யாரோ லுங்கியோடு தூங்குகிறார். கீழே என்றேன். கட்டில் காலுக்கு அடியில் டப்பாக்கள், டப்பாக்களில் மண்ணெண்ணெய். பூச்சி ஏறாமல் இருக்க என்றார் வாப்பா. நான் கேட்கவே இல்லை. சுவர் இடுக்கு முழுக்கக் கறுப்புப் பொட்டு. நீலத் திரை என்பது ஒரு போர்வை, ஆணியில் மாட்டியிருந்தது.

தலையணை என்றேன். ஒரு கையால் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் ஓட்டை, பஞ்சு துருத்திக்கொண்டு இருந்தது.

"இதுலேருந்துதாம்மா எடுத்தேன். வண்டு கால் ஒடிஞ்சிரக் கூடாதேன்னு."

தலையணையைப் பிடித்திருந்த கை தெரிந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வரிசையாகச் சிவப்புத் தடிப்பு. சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"போதுமா?"

"போதாது வாப்பா. கையக் காட்டுங்க. இன்னும் கிட்ட."

இரண்டு நொடி கழித்துக் கை கிட்ட வந்தது.