சாட்சிக் கையெழுத்து

ஜூன் 2
இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

எங்கள் பள்ளி ஹாலில் ஞாயிறுதோறும் மாலையில் 'பெண்களை அடிப்பதைத் தடுப்போம்' வகுப்பு. ஆண்களுக்காக. கையெழுத்து அழகு என்று என்னைக் குறிப்பெழுத வைத்திருக்கிறார்கள். வந்த ஆண்கள் நான்கு பேர். அதில் இருவர் மழைக்கு ஒதுங்கியவர்கள். வக்கீல் பேசினார்: "கோவம் வந்தா ஒரு டம்ளர் தண்ணி குடிங்க." கைதட்டல். இதைச் சொல்ல ஒரு வக்கீல்!

ஜூன் 11
அக்கா வந்திருக்கிறாள். வலது கை வீங்கியிருக்கிறது. "கதவு இடிச்சிடுச்சுடி." அந்த வீட்டுக் கதவுக்கு ஐந்து விரல் போலும்.

அம்மா: "மாப்பிள்ளை ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாரு. இதைப் பெருசாக்காதீங்க."

அக்கா கொண்டுவந்த பெட்டியைப் பிரிக்கவே இல்லை. போய்விடுவாளா?

ஜூன் 13
வரும் ஞாயிறு வகுப்பில் உறுதிமொழி வாசிக்க அத்தானைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அக்காவின் கணவரையேதான். குரல் கம்பீரமாம்!

தலைமையாசிரியரிடம் அக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன். "குடும்ப விஷயத்தை எல்லாம் இங்க கொண்டு வராதம்மா."

பின்னே எதுக்கு இந்த வகுப்பு? கொசு ஒழிக்கவா?

ஜூன் 14
அழுதேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 16
அம்மா அக்காவைக் கூட்டிக்கொண்டு, அவள் பெட்டியோடு ஹாலுக்கே வந்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் அப்படியே அத்தானோடு அனுப்பிவிட.

அத்தான் மைக்கில் முழங்கினார்: "என் மனைவி மீது கை ஓங்க மாட்டேன்." மற்றவர்கள் பின்னாலேயே ஒப்பித்தார்கள், வாய்ப்பாடு மாதிரி. பிறகு உறுதிமொழி அட்டை. அதில் மனைவி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் — தலைமையாசிரியரின் சொந்தக் கண்டுபிடிப்பு. போட்டோவுக்காக அக்காவை மேடைக்கு அழைத்தார். பேனாவையும் நீட்டினார்.

அக்கா வாங்கவில்லை.

"பேனா பிடிக்க முடியாது சார். கை வீங்கியிருக்கு."

"அடடா, என்னாச்சும்மா?" என்றார், நான் சொல்லி ஒன்றும் தெரியாதவர் போல.

"அவரையே கேளுங்க. மைக் அவர்கிட்டதானே இருக்கு."

அத்தான் மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பீரக் குரல் எங்கே போயிற்றோ! முன்வரிசை ஆண்களுக்குத் திடீரென்று அவரவர் செருப்பு சுவாரசியமாகிவிட்டது. தலைமையாசிரியர் "நன்றியுரை! நன்றியுரை!" என்றார். என்னிடம் குனிந்து, "கடைசில நடந்ததை எழுத வேணாம்" என்றார். எழுதி முடித்திருந்தேன்.

அத்தான் இறங்கி வந்து பெட்டியைப் பிடித்தார். அம்மா விடவில்லை. "நீங்க கிளம்புங்க மாப்பிள்ளை" என்றாள். அவ்வளவுதான்.

மூவரும் எங்கள் வீட்டுப் பக்கம் நடந்தோம். பின்னால் ஹாலில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.