மோனிஷாவின் தாலிகட்டுப் படம்

ஏங்க,

சோறு குக்கரில் இருக்கிறது. மீன்குழம்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். என் சாவி மீட்டர் பெட்டிக்குள்.

மேசை மேல் இருப்பது என் தங்கை மோனிஷாவுக்கு நீங்கள் எடுத்த தாலிகட்டுப் படம். அவள் முகம் மங்கிக் கிடக்கிறது. "சோனி கேமராவுல நிக்கான் லென்ஸை அடாப்டர் வச்சு மாட்டுனா ஃபோகஸ் தானா வராதுடி, கையாலதான் திருப்பணும்" என்று சமாளித்தீர்கள். நானும் நம்பினேன்.

நேற்று அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டேன். மோனிஷாவுக்குப் பின்னால் நின்ற பக்கத்து லயத்து வீட்டுக்காரி இந்துவின் மூக்குத்திகூடப் பளிச்சென்று விழுந்திருக்கிறது. லென்ஸ் தானாகத் திரும்பாதே, உங்கள் கைதானே திருப்பியது?

நான் அம்மா வீட்டுக்குப் போகிறேன். தேடி வராதீர்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: சாயங்காலம் இந்துவின் புருஷன் முனீஸ்வரன் இந்தப் படத்தைப் பார்க்க வருகிறார். டீ போட்டுக் கொடுங்கள். அடாப்டர் விவரத்தை நானே அவரிடம் சொல்லிவிட்டேன்.