டெய்சி பிறழ்சாட்சி ஆனாள்

அடி என் டெய்சி,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது. முழங்கால் வலி. மெட்ரோவில் நிற்க இடமில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் சாயங்காலம் மழை பிடித்தால் ஜோகுபாளையம் வர எந்த ஆட்டோக்காரரும் சம்மதிப்பதில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். மனசு வராமல் இத்தனை நாள் இழுத்தடித்துவிட்டேன்.

இதை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். அதனால் நாம் சேர்ந்து பார்த்த வேலையை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். மலைமேல் இருக்கும் தொலைநோக்கி வானத்தைப் பகுதி பகுதியாகப் படம் பிடிக்கிறது. பெங்களூரில் உட்கார்ந்து அந்தப் படங்களைச் சரிசெய்வது நம் வேலை. ஒரு நாள் காற்றில் ஈரம், ஒரு நாள் கண்ணாடியில் தூசி, ஒரு நாள் நிலா. நேற்று பளிச்சென்று தெரிந்த நட்சத்திரம் இன்று மங்கலாகத் தெரியும். மங்கியது நட்சத்திரமா, குறும்பு செய்தது காற்றா? அதைப் பிரித்துச் சொல்ல, என்றைக்கும் ஒரே மாதிரி எரியும் சில நட்சத்திரங்களை நம்பியிருக்கிறோம். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் மற்ற எல்லாவற்றின் ஒளியையும் கணக்கிடுகிறோம். ஒளியை வைத்துத் தூரம், நிறத்தை வைத்து வயது. நம் பால்வெளியின் ஓரத்தில் கிடக்கும் கிழட்டு நட்சத்திரங்களைப் பற்றி யார் என்ன எழுதினாலும் அடியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

அவற்றுக்கு நீ வைத்த பெயர் ‘சாட்சி’. உன் அப்பா கோர்ட்டில் டவாலியாக இருந்தவர், வாசலில் நின்று சாட்சிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவர் வேலை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் அவர் குரலிலேயே ஒவ்வொரு நட்சத்திரத்தின் எண்ணையும் மூன்று முறை கூவுவாய். டைரக்டர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார், ஞாபகம் இருக்கிறதா?

அந்தச் சாட்சிகளில் ஒன்று நீயே தேடிப் பிடித்தது. “இது நம்ம ஆளு வசந்தா. இன்னா கேட்டாலும் மாத்திப் பேசாது” என்றாய். நீ போன பிறகு அதன் நீளமான எண்ணைச் சொல்வதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, அதற்கு டெய்சி என்றே பெயராகிவிட்டது. “டெய்சி ஓகேவா?” என்று கேட்டுக்கொண்டுதான் காலை வேலை தொடங்கும். கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது. உன் ஜெனியிடமும் சொன்னேன். அம்மா பெயரில் மாறவே மாறாத ஒரு நட்சத்திரம் இருக்கிறது என்று. அன்று அழுதாள். பிறகு அந்தப் படத்தைக் கேட்டு வாங்கித் தன் போனில் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் சுருதி என் மேஜைக்கு வந்தாள். நீ போன பிறகு சேர்ந்தவள், மைசூர்க்காரி, கெட்டிக்காரி. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“மேடம், ஒந்து விஷயம். பேஜார் பண்ணிக்காதீங்க. டெய்சிய எடுத்துடணும்.”

‘எடுப்பது’ என்ற அந்தச் சொல்லைக் கடைசியாக உன் வீட்டு வாசலில் கேட்டேன். “எப்ப எடுக்குறாங்க?” என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. பாவம், சுருதிக்கு அது எப்படித் தெரியும்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. காற்றைக் குற்றம் சொன்னேன், கண்ணாடியைச் சொன்னேன், கேமராவைச் சொன்னேன். அவள் பொறுமையாக அதே படங்களில் மற்ற சாட்சிகளைக் காட்டினாள். அவை அசையவில்லை. டெய்சி மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்திருக்கிறது. மயிரிழைதான். ஆனால் சாட்சி மங்கியதைக் காற்று மோசம் என்று எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதி நட்சத்திரங்களை எல்லாம் கணக்கில் கொஞ்சம் பிரகாசமாக்கிவிட்டோம். பிரகாசம் கூடினால் அவை கிட்டத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். இல்லாத நெருக்கத்தை நாமே உண்டாக்கி வைத்திருக்கிறோம், டெய்சி.

உன் அப்பாவின் கோர்ட்டில் இதற்குப் பெயர் உண்டு, பிறழ்சாட்சி.

பேசாமல் விட்டுவிடலாமா என்று தோன்றியது. நட்சத்திரப் பட்டியல் வெளியாகும் சமயம். எடுத்தால் அந்தப் பகுதி வானம் முழுக்க மறுபடி கணக்குப் போட வேண்டும். ரிட்டையர் ஆகும் வயதில் இன்னொரு முறை அத்தனை படங்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அது மட்டுமா? உன் பெயரை நானே என் விரலால் நீக்க வேண்டுமா? ஜெனியிடம் போய் என்ன சொல்வது? நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் உன் திட்டு காதில் விழுந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விடும் நேரம் பார்த்து மர்பி டவுனில் உன் வீட்டுக்குப் போனேன். பேக்கரியில் உனக்குப் பிடித்த, தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கிக்கொண்டேன். ஜெனி டீ போட்டுக் கொடுத்தாள். டீ ஆறிப்போகும் வரை ஊர்க்கதை பேசிவிட்டு ஒரு வழியாகச் சொன்னேன். அந்த நட்சத்திரம் மாறுகிறது, அதை எடுக்க வேண்டியிருக்கிறது என்று. அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. சத்தம் கேட்டு நிமிர்ந்தால் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

“இன்னா பெரிம்மா நீங்க! எங்கம்மா என்னிக்கு ஒரே மாதிரி இருந்துச்சு? காத்தால கொஞ்சும், டிபன் கட்றதுக்குள்ள திட்டும், சாயந்தரம் காரணமே இல்லாம சும்னே அழுவும். மாறவே மாறாதுன்னு நீங்க சொன்னப்பவே எனக்கு டவுட்டு. இப்பதான் அதுக்கு அம்மா பேரு கரெக்டா இருக்குது.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு பேருமாகச் சேர்ந்து தில்பசந்த் முழுவதையும் தின்று தீர்த்தோம்.

மறுநாள் நானே எடுத்தேன். சுருதியைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். எடுப்பதற்கு முன் உன் அப்பா மாதிரி மூன்று முறை கூப்பிட்டேன்.

கணக்கை மறுபடி போட ஆரம்பித்துவிட்டோம். முடியும்போது அந்தப் பகுதி நட்சத்திரங்கள் எல்லாம் கொஞ்சம் தள்ளிப் போகும், உண்மையில் இருக்கிற இடத்துக்கு. நீயும் அப்படித் தள்ளித்தான் இருக்கிறாய் என்று ஒத்துக்கொள்ளப் பார்க்கிறேன். இன்னும் முழுசாக வரவில்லை.

இத்தனை காலம் அந்த நட்சத்திரத்தை வைத்து மற்றதை அளந்தோமே தவிர, அதற்கு என்ன என்று யாரும் பார்த்ததில்லை. இப்போது அது மாறும் நட்சத்திரங்களின் கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஏன் மங்குகிறது? திரும்பப் பிரகாசிக்குமா? தெரியாது. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். கண் தெரிகிற வரைக்கும், படம் வருகிற காலைகளில் முதலில் உன்னைத்தான் பார்ப்பேன். ஓகேவா என்று இனி கேட்க மாட்டேன். இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன்.

உன் ஜெனிக்குப் பெரியம்மா,
வசந்தா