குறையில்லாத ஊர்

13-7-1958, ஞாயிறு.

காலைப் பூசை முடிந்து வந்ததும், என் நாவலை நகல் எடுக்கச் சொல்லித் தங்கை செசிலியிடம் கொடுத்தேன். திண்டுக்கல்லைப் போலத் தண்ணீருக்கு அடித்துக்கொள்ளாத, பசியோ பொய்யோ இல்லாத ஓர் ஊரின் கதை. மூன்று வருஷமாக எழுதுகிறேன்.

மத்தியானம் அவள் பேனா நின்றது. ‘இவ்வூரில் நொண்டி, குருடு என்று ஒருவரும் இல்லை’ என்ற வரியில் விரலை வைத்திருந்தாள்.

“அண்ணே, அம்புட்டுப் பேரையும் குணமாக்கிட்டாங்களா, இல்ல வெளியே அனுப்பிட்டாங்களா?”

எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் அவள் சூம்பிய கால் கண்ணில் பட்டது.

“குணமாக்கிட்டாங்கன்னு வச்சுக்கயேன்.”

“அப்ப அந்த ஊருல என்னையப் பார்த்தா உனக்கு அடையாளமே தெரியாது” என்று சிரித்தாள்.

சாயங்காலம் அவளை அந்த ஊருக்குள் நடக்கவிட்டு எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் நாலு வரிக்குள் என் பேனா அவள் காலை நேராக்கிவிட்டது.

வீட்டுக்கு யார் வந்தாலும், “செசிலிக்கு இங்கே ஒரு குறையும் இல்லை” என்பேன். அவளும் பக்கத்தில்தான் நிற்பாள்.

இப்போது நகலைப் புரட்டினேன். அந்த வரியையும் முத்து முத்தாக, ஓர் அடித்தல்கூட இல்லாமல் எழுதி வைத்திருக்கிறாள்.