கடுகளவு அபினி

சென்னீர்குப்பம்
ஆவணி, 1936

சௌபாக்கியவதி தாட்சாயிணிக்கு,

இங்கு நான் சுகம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ராஜசேகரனும் சுகமென்று அறிந்து சந்தோஷம். உன் கையெழுத்துக்குத்தான் சுகமில்லை; என்னைப் போல் நீயும் கான்வென்டில் படித்தவள்தானே, வரி கோணாமல் எழுது.

நம் கழனியில் நடவு நடக்கிறது. நடவுக்கு வரும் பூங்காவனத்தைத் தெரியுமல்லவா, முன் பிறந்தவை தங்காததால் இந்தப் பிள்ளையைக் குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பம்மா என்று பெயரிட்டாளே, அவள்தான். பிள்ளை தூங்கட்டும் என்று போன வாரம் காலையில் கடுகளவு அபினியைப் பாலில் குழைத்துப் புகட்டிவிட்டு வந்திருக்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அண்டை வீட்டுக் கெங்கம்மாள் அது தெரியாமல், சிணுங்கியதும் தானும் கடுகளவு கொடுத்துவிட்டாள். நான் தற்செயலாக அந்தப் பக்கம் போனபோது குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சு விட்டுவிட்டு வந்தது, இமையைத் தூக்கினால் கண்மணி ஊசிமுனையாயிருந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன். "தூங்குற கொயந்தைய ஏம்மா சுண்டுறீங்க, நல்லாத்தானே தூங்கிகினு கீது" என்று கெங்கம்மாள் என்னிடமே சண்டைக்கு வந்தாள். நீ என்ன கொடுத்தாய் என்று அதட்டிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பூங்காவனம் சேற்றுக்காலோடு ஓடிவர, கெங்கம்மாளையும் ஏற்றிக்கொண்டு நஜீரின் ஜட்காவில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். "தூங்க உடாதீங்கம்மா, குதிரைய நான் பாத்துக்கறேன்" என்று நஜீர் திரும்பித் திரும்பிச் சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் கெங்கம்மாள் என் கையைப் பிடித்து, "அபினின்னா போலீஸ் இட்டுகினு பூடும், காய்ச்சல்னு சொல்லுங்க தாயி" என்று அழுதாள். நான் கையை உதறிவிட்டு டாக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் யாரையும் ஏசவில்லை. எப்போது, எவ்வளவு என்றுதான் கேட்டார். வயிற்றைக் கழுவி, மூச்சு தளரும்போதெல்லாம் மார்பை அமுக்கி மூச்சு விடவைத்தார். சாயங்காலம் குழந்தை வீறிட்டது. காய்ச்சலென்று சொல்லியிருந்தால் பிழைத்திருக்காது என்றார்.

கெங்கம்மாளைத் திட்ட நல்ல வார்த்தைகளாக எடுத்துவைத்திருந்தேன். திட்டினால் அடுத்த முறை மறைப்பாள் என்று விழுங்கிவிட்டேன். இப்போது நம் வைக்கோல் கொட்டகையைக் கழுவி, நடவுக்கு வருகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தூளிகள் கட்டியாயிற்று, கெங்கம்மாளே காவல், அபினிக்கு அங்கே இடமில்லை. தாய்மார் நடுவில் வந்து பால் கொடுத்துப் போகிறார்கள். கழனியைப் பார்த்துக்கொள்ளும் லோகநாதன், "நடவு கெட்டுப்பூடும்மா" என்று முணுமுணுத்தான்; கெட்டால் என் கழனிதானே என்றேன். காட்டுப்பாக்கத்துக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, தங்கள் ஊரிலும் தூளி கட்டப்போவதாகச் சொன்னார்கள்.

அங்கே ராஜசேகரனைப் பார்த்துக்கொள்ளும் ஆயா நல்லவள்தான். இருந்தாலும் குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினால் எழுப்பிப் பார். அவளைக் கேட்பதானால் பயப்படாமல் உண்மை சொல்லும்படி கேள். அம்மன் அருளால் மூவரும் நோய்நொடியின்றி நீண்ட நாள் வாழுங்கள். இதை எழுதும்போது கொட்டகையில் குப்பம்மா கூரை பறக்கக் கத்துகிறாள். சத்தம் எனக்கு ஆகாதென்று உனக்குத் தெரியும். கத்தட்டும் என்று விட்டிருக்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
சாமுண்டீஸ்வரி