ராய்ஸ் மாமாவின் முறை

பாஸ்கோ, வாஷிங்டன்
செப்டம்பர் 6, 2006

அன்புள்ள ராய்ஸ் மாமாவுக்கு,

உங்கள் தங்கை ஜோலீனின் மகள் பிரென்னா எழுதுகிறேன். நீங்கள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. இப்போது பதினைந்து, பல்லில் கம்பி போட்டிருக்கிறேன். பெக் அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? புற்றுநோய் வந்து ஒரு சிறுநீரகத்தை எடுத்த பிறகு நீங்கள் உப்பே தொடக்கூடாது என்று அம்மா அடிக்கடி சொல்வார். தொடுவதில்லை என்று நம்புகிறேன்.

இதை எழுதுவது யாருக்கும் தெரியாது. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமினால் அணைத்துவிடுகிறேன். அதனால் கையெழுத்து இப்படி.

அப்பாவுக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்பது உங்களுக்குத் தெரியும். அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் செய்த ஆலையில் வேலை பார்த்து நோய் வந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் இழப்பீட்டை அவரும் கேட்டிருந்தார். உங்களுக்குக் கிடைத்ததே, அதுதான். கிடைத்தால் மருத்துவச் செலவும் அவர்களுடையது. போன வாரம் பதில் வந்தது. தகுதி இல்லையாம். அவர் பெயரில் பதிவான கதிர்வீச்சு மிகக் குறைவாம். அந்த அளவால் இந்த நோய் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்புகூட இல்லையாம். அம்மா இப்போது இரண்டு மோட்டல்களில் அறை சுத்தம் செய்கிறார். அப்பாவின் மாத்திரையை யாரும் பார்க்காதபோது பாதியாக உடைத்து வைக்கிறார். அப்பா அதைப் பார்த்துவிட்டார், ஆனால் பார்க்காத மாதிரி இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உங்களோடு வேலை செய்த லைல் வந்திருந்தார். நான் ஐஸ் டீ எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனபோது அவர் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏன்டா டுவைட், ரெண்டு ஆளு வாங்க வேண்டியதை ஒத்த உடம்புல வாங்கினவன் நீ. உனக்குக் கிடையாதாம், வெளியில உக்காந்து சீட்டாடினவனுக்கு உண்டாம். கவர்மெண்டுக்கு நல்ல கண்ணுடா."

"வாயை மூடு. புள்ள நிக்குது" என்றார் அப்பா.

லைல் போன பிறகு நான் விடாமல் கேட்டேன். கடைசியில் சொல்லிவிட்டார்.

"உங்க மாமாவுக்கு முகமூடி ஆகாது. மாட்டினா மூச்சு முட்டும், உள்ளேயே வாந்தி எடுத்துருவான். வெளிய தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிருப்பாங்க. அப்பதான் கல்யாணம் ஆகியிருந்துச்சு அவனுக்கு."

அதனால் கதிர்வீச்சு அதிகமான, நீங்களெல்லாம் 'சூடான அறை' என்று சொல்லும் அறைக்குள் போக உங்கள் முறை வரும்போதெல்லாம், அப்பா தன் பேட்ஜை லாக்கரில் கழற்றி வைத்துவிட்டு, உங்கள் பேட்ஜைக் குத்திக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். "தலைல இருந்து கால்வரை மூடினப்புறம் யாரு டுவைட், யாரு ராய்ஸ்? எல்லாம் வெள்ளை மூட்டைதான்" என்றார்.

உடம்பில் எவ்வளவு பட்டது என்று அளந்தது அந்தப் பேட்ஜ்தானே மாமா. அப்பா மேல் பட்டதெல்லாம் உங்கள் பெயரில் ஏறிவிட்டது.

அம்மாவிடம் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். உங்களிடம் சொல்லக்கூடாது என்று அவர் கேட்கவில்லை. இது சத்தியத்தை மீறுவதுதானோ என்று பயமாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 19 காலை பத்து மணிக்கு மேல்முறையீட்டு விசாரணை, ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்து ஹோட்டலில். கூட வேலை பார்த்தவர் வந்து சொன்னால் கேட்பார்களாம். லைல் அப்போது வேறு ஷிஃப்ட், அவர் சொல்வது கேள்விப்பட்டதுதான். நேரில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பதிலை என் தோழி டானிகாவின் முகவரிக்கு அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
பிரென்னா


லூயிஸ்டன், ஐடஹோ
செப்டம்பர் 17

என் செல்லக் குட்டி பிரென்னா,

உன் கடிதம் கண்டதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. உன் கையெழுத்து உன் அம்மா சின்ன வயதில் எழுதியது போலவே சாய்ந்திருக்கிறது. பெக்குக்கு முழங்காலில் ஊசி போட்டிருக்கிறார்கள். படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறாள். நான் உப்பைத் தொடுவதில்லை, அவள் பார்க்கும்போது.

இந்த ஆண்டு ஆற்றில் தண்ணீர் குறைவு. ஸ்டீல்ஹெட் மீன் இன்னும் மேலே ஏறவில்லை. உன் அப்பா இருந்தால் எந்தப் பாறை இடுக்கில் நிற்கிறது என்று சொல்லிவிடுவான்.

லைல் பேச்சை நம்பாதே கண்ணு. அவன் அந்தக் காலத்திலிருந்தே ஒன்றை ஒன்பதாக்குகிறவன். இருபது வருடத்துக்கு முந்தைய விஷயம், யார் எந்த அறைக்குள் போனார்கள் என்று யாருக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கும்? பெரியவர்கள் கவலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடு. நன்றாகப் படி. அப்பாவுக்கு என் அன்பைச் சொல். வேண்டாம், சொல்லாதே, கடிதம் எழுதியது தெரிந்துவிடும்.

அன்புடன்,
ராய்ஸ் மாமா


பாஸ்கோ
செப்டம்பர் 24

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நடக்கவே இல்லை என்று நீங்கள் எங்கேயும் எழுதவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்குக் கேட்கத் தெரியவில்லை, கேட்க வேறு ஆளும் இல்லை. உங்களை ஜெயிலில் போடுவார்களா என்று பள்ளி நூலகத்தில் தேடிப் பார்த்தேன். எதுவும் புரியவில்லை. நூலகர் அம்மா பின்னால் வந்து நின்றதும் மூடிவிட்டேன். அப்பாவுக்காக உங்களை மாட்டிவிடுகிறேனோ என்று நினைத்துப் பேனாவை மூடி வைக்கிறேன். பிறகு மறுபடி திறக்கிறேன்.

நேற்று அப்பா சட்டை பட்டனைப் போட முடியாமல் என்னைக் கூப்பிட்டார். "பாத்தியா, சம்பளம் இல்லாத வேலைக்காரி" என்று சிரித்தார். பட்டன் போடும்போது அவர் நெஞ்செலும்பு கையில் தட்டியது. பேட்ஜ் குத்தும் இடம் அதுதானே?

அக்டோபர் 19. வந்து நில்லுங்கள் மாமா.

பிரென்னா


லூயிஸ்டன்
அக்டோபர் 8

பிரென்னா கண்ணு,

இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

நாங்கள் இருக்கும் இந்த வீடு அந்த இழப்பீட்டுப் பணத்தில் வாங்கியது. பெக்குக்குப் பேட்ஜ் விஷயம் தெரியாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் அறுபத்தொரு வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு எங்கே போவேன் என்று யோசிக்கிறேன். பிறகு உன் அப்பா சட்டைப் பட்டனை யோசிக்கிறேன். உடை மாற்றும் அறை பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். அவன் வெளியே வந்து முகமூடியைக் கழற்றியதும் முதலில் கேட்பது, "என்ன மச்சான், மூச்சு வருதா?" என்றுதான்.

வருகிறேன். பெக்கிடம் ஆஸ்பத்திரிப் பரிசோதனை என்று சொல்லியிருக்கிறேன்.

ராய்ஸ் மாமா


பாஸ்கோ
அக்டோபர் 29

அன்புள்ள மாமா,

நீங்கள் விசாரணை அறை வாசலில் வந்து நின்றதை முதலில் பார்த்தவள் நான்தான். பழுப்பு நிறக் கோட்டு, கையில் தொப்பி. மாமா வந்துவிட்டார் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கையைப் பெஞ்சுக்கு அடியில் பிடித்துக்கொண்டேன்.

நீங்கள் நன்றாகத்தான் சொன்னீர்கள். "என் பேட்ஜைப் போட்டுக்கிட்டு அவன்தான் உள்ள போனான். என் பேர்ல இருக்கிற கணக்கு அவனோடது." அதைவிட வேறென்ன வேண்டும்? விசாரித்த அதிகாரி அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்து, "டுவைட், இவர் சொல்றது நிஜமா?" என்று கேட்டார்.

அப்பா எழுந்திருக்கக்கூட இல்லை. "மேடம், இவன் என் மச்சான். என்மேல உசுரு. போன வருஷம் புடிச்ச மீனைப் பத்திக் கேட்டுப் பாருங்க, படகைவிடப் பெருசும்பான்." எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். "என் பேட்ஜ் என் சட்டையிலதான் இருந்துச்சு" என்றார் அப்பா.

அந்த அம்மா உங்களிடம் திரும்பினார். "சொன்னதை அப்படியே பதிவு பண்ணட்டுமா?" என்று கேட்டார். நீங்கள் அப்பாவைப் பார்த்தீர்கள். அப்பா வேண்டாம் என்பதுபோலத் தலையைக் கொஞ்சமாக ஆட்டினார். நான் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா. "ரொம்ப வருஷம் ஆச்சு. எனக்கு ஞாபகம் கொழம்பியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் உங்கள் தோள் இறங்கியது.

வண்டியில் அம்மா பெட்ரோல் போட இறங்கியபோது அப்பாவிடம் ஏன் என்று கேட்டேன். "பெக் வீட்டைப் புடுங்கிட்டு நான் எத்தனை மாசம் இருக்கப் போறேன்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் மூஞ்சியைப் பாத்தியா? முகமூடி மாட்டின மாதிரியே இருந்துச்சு" என்றார்.

நான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன். அன்றைக்கும் அது உங்கள் முறைதான். அன்றைக்கும் அப்பாதான் உள்ளே போனார்.

முடிவு நேற்று வந்தது. பழைய பதில்தான். அம்மா அதை மடித்து மைக்ரோவேவ் மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். ஆனால் அவர் பக்கத்து வீடுகளிலெல்லாம் ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார்: "எங்க அண்ணன் எங்களுக்காகப் பொய் சொல்லக்கூட வந்து நின்னான் தெரியுமா?" சொல்லும்போது அவருக்குக் கண் கலங்குகிறது. உங்களுக்கென்று ஹக்கிள்பெரி ஜாம் இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன்.

இனி டானிகா வீட்டுக்கு எழுதாதீர்கள். அவள் அம்மா கேட்க ஆரம்பித்துவிட்டார்.

இன்று மாலை அப்பா என்னைக் கூப்பிட்டு உங்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார். அவருக்குப் பேனா பிடிக்க வரவில்லை. உங்கள் முகவரியை அவர் சொல்லச் சொல்லப் புதிதாகக் கேட்பதுபோல எழுதிக்கொண்டேன். அவர் சொன்னது இது:

"மச்சான், ஸ்டீல்ஹெட் ஏற ஆரம்பிச்சிருச்சு. பனி விழறதுக்குள்ள ஒரு சனிக்கிழமை வா. நான் கரையில உக்காந்துக்கறேன். நீ தண்ணில இறங்கு."

இது அப்பா சொன்னது. நான் எழுதிக் கொடுத்ததோடு சரி.

பிரென்னா